பிளான் அப்ரூவல் வாங்கித் தருகிறேன் என்று 48,000 ரூபாயைச் சுருட்டிய கடை: வீடு கட்டப் போகிறவர்கள் படியுங்கள்

என் வீட்டுக்குக் கட்டட அனுமதி கேட்டு விண்ணப்பமே போகவில்லை என்று நேற்றுதான் பேரூராட்சி அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னார்கள். நான் கொடுத்த 48,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அரசுக் கணக்குக்குப் போகவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் போடவில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு சின்ன ரூம், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வாசலில் 'பிளான், எஸ்டிமேட், அப்ரூவல், பட்டா மாறுதல்' என்று போர்டு. எல்லாச் சிற்றூரிலும் இப்படி ஒன்று இருக்கும். பேரூராட்சியில் விசாரித்தபோது அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரே, "எல்லாம் ஆன்லைன் சார், வெளியில குடுத்துப் போட்டுக்குங்க" என்றுதான் அனுப்பினார்.

எனக்கு நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் ஆளை மடக்குகிறார்கள். பத்திரத்தையும் பட்டாவையும் புரட்டிய கடைக்காரர், "அண்ணே, பத்திரம் உங்க பேர்ல இருக்கு, பட்டா இன்னும் பழைய ஓனர் பேர்லயே கிடக்கு. இதை மாத்தாம போட்டா தள்ளிடுவாங்க" என்றார். உண்மைதான். அதுவரை பத்திரம் எழுதியவர் உட்பட ஒருவரும் அதை என்னிடம் சொன்னதில்லை. பட்டா மாறுதலுக்கு அவரே போட்டுக் கொடுத்தார், பெயரும் மாறி வந்தது. அதற்கு வாங்கியதும் நியாயமான கூலிதான். இப்படி ஒரு வேலையைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தவரை எதற்குச் சந்தேகப்பட வேண்டும்? அப்புறம் என் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு, "சார், நம்ம அண்ணன் பைல்தான் சார், பார்த்துக்குங்க சார்" என்று பேசினார். அந்தப் பக்கம் ஆள் இருந்ததா என்பதே இப்போது சந்தேகம்.

சுயசான்றில், அதாவது விவரமெல்லாம் சரி என்று நாமே உறுதி கொடுத்தால், உடனே அனுமதி கிடைக்கும் என்று படித்தேனே என்று கேட்டேன். "அதெல்லாம் சிட்டிக்கு மட்டும்ணே" என்றார். பச்சைப் பொய். 2024 ஜூலை 22-இல் தமிழக அரசு தொடங்கிய அந்தத் திட்டம் ஊராட்சி, பேரூராட்சி எல்லாவற்றுக்கும் உண்டு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டினால் போதும். என்னுடையது 2,200 சதுர அடி மனை, டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உள்ளது. கட்டுவது தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. அப்படியே பொருந்துகிறது. இதில் பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உட்கட்டமைப்புக் கட்டணம் கிடையாது, அனுமதிக்கு முன்னால் யாரும் வந்து இடம் பார்ப்பதும் கிடையாது. அவர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டில் முதல் இரண்டு வரி என்ன தெரியுமா? 'ஸ்க்ரூட்டினி பீஸ்', 'இன்ஸ்பெக்‌ஷன் செலவு'. கீழே கூட்டல் போட்டு 48,000. ஜிபேயில் அனுப்பினேன்.

அதன்பிறகு தினமும் ஒரு கதை. சர்வர் டவுன். ஓடிபி வரவில்லை. ஆபீசர் லீவு. இடம் பார்க்க வரணும்ணே, இந்த வாரம் வந்துடுவாங்க. ஒரே ஒரு சைன் பாக்கி. கடைசியில் ஏதோ ஒரு எண் போட்ட தாளை பிரிண்ட் எடுத்துக் கையில் திணித்தார். வீட்டுக்கடன் கேட்டிருந்த வங்கியில் அதைக் காட்டினால், இது அனுமதி ஆணையே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்து, செங்கல் இறக்கி, அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு நாள் பார்த்த பிறகு இந்த நிலைமை.

பேரூராட்சியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி அப்படியே விட்டிருக்கிறார், கட்டணம் கட்டவே இல்லை. லாகின் முழுக்க அவருடைய மொபைல் எண்ணில் இருப்பதால் என்னால் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. கடைக்குப் போனால், "பணம் மேல போயிடுச்சுண்ணே, நான் என்ன பண்றது" என்கிறார். எந்த மேலே? யார்? அதற்குப் பதில் இல்லை. இப்போது போனே எடுப்பதில்லை. காவல் நிலையத்தில் முதலில் இது சிவில் மேட்டர் என்றார்கள். வேலை செய்யாமலேயே செய்ததாகச் சொல்லி 48,000 ரூபாய் வாங்கியது மோசடி இல்லையா, பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் மோசடிப் பிரிவு 318 எதற்கு இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் மனு ரசீது கொடுத்தார்கள்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. லாகின் உங்கள் மொபைல் எண்ணில்தான் இருக்க வேண்டும், ஓடிபி உங்களுக்குத்தான் வர வேண்டும். அரசுக் கட்டணத்தை இணையதளத்தில் நீங்களே கட்டி ரசீதை இறக்கிக்கொள்ளுங்கள். வரைபடம் போடுகிறவருக்கு அவருடைய கூலியை மட்டும் தனியாகக் கொடுங்கள். 'ஆபீஸ் செலவு' என்று யாராவது ஆரம்பித்தால் பத்திர நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும், கேஸ் போடுவேன் என்று வேறொரு நம்பரிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. போடட்டும். துண்டுச்சீட்டும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.