ஜிஆர்சி ஃப்ரீஸ் என்று சொல்லி தெர்மாகோல் ஒட்டிவிட்டார்கள்: சுவரில் ஏற்றும் முன் எடை போடுங்கள்

வீட்டு முகப்பின் மேல்விளிம்பை ஒட்டி ஓடும் பூவேலைப் பட்டைதான் ஃப்ரீஸ். ஜிஆர்சி, அதாவது கண்ணாடி இழை கலந்த சிமென்ட், என்று விலை பேசி, மாட்டி, பெயின்ட் அடித்து ஒப்படைத்தார்கள். ஒரு மழைக்காலம் போனதும் மூட்டுக்கு மூட்டு விரிசல், திருகுகளுக்குக் கீழே பழுப்புக் கோடு. ஏணி போட்டு ஒரு மூலையை உளியால் சுரண்டினால் வெள்ளை மணிகள் கொட்டுகின்றன. உள்ளே முழுக்கத் தெர்மாகோல், மேலே இரண்டு மி.மீ. சிமென்ட் தோல். ஒப்பந்ததாரரைக் கேட்டால், "பில்லுல ஜிஆர்சின்னு எங்க இருக்கு?" என்கிறார். பில்லில் இருப்பது 'அலங்கார பார்டர், ஒரு லாட்'.

தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். தெரியாது. ஜிஆர்சியும் பின்பக்கம் காலியான ஓடுதான், அதுவும் பொள்ளென்றுதான் ஒலிக்கும். தராசுதான் சரியான வழி. கண்ணாடி இழை கலந்த சிமென்ட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2000 கிலோ. 2 மீட்டர் நீளம், 30 செ.மீ. உயரம், 12 மி.மீ. தடிமன் உள்ள துண்டு 14 கிலோவுக்குக் குறையக் கூடாது. புடைப்பு வேலைப்பாடு இருந்தால் இன்னும் கூடும். அதே அளவு தெர்மாகோல் துண்டு மூன்று நான்கு கிலோதான் வரும், ஒரே ஆள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஏணி ஏறுவார்.

அடுத்து, உடைந்த ஓரத்தைப் பாருங்கள். உண்மையான ஜிஆர்சியில் தடிமன் முழுவதும் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். தோலுக்கு அடியில் மட்டும் வலைத்துணி தெரிந்தால் அது பூச்சு வேலை. இழையிலும் ஏமாற்று உண்டு: சாதாரணக் கண்ணாடி இழையைச் சிமென்டின் காரம் நாளடைவில் அரித்துவிடும். சிர்கோனியா கலந்த, காரம் தாங்கும் இழைதான் வேண்டும். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

தெர்மாகோல் பட்டையே ஆகாது என்பதல்ல. வலை பதித்து ஒழுங்காகப் பூசினால் நிற்கும், ஆனால் விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். அதன் மேல் தின்னர் கலந்த எனாமல் அடித்தால் மட்டும் பிழைக்காது. ஊசித்துளை வழியே தின்னர் இறங்கி உள்ளே இருப்பதைக் கரைத்துவிடும், வெறும் ஓடு மிஞ்சும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும்.

அதைவிட மோசம், ஜிப்சம் பட்டையை வெளிச்சுவரில் வைப்பது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக்கூடியது. ஒரு துண்டை இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, காலையில் நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்தால் அது வீட்டுக்குள்ளே மட்டும்தான். உள்ளேயும் பழைய பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பூச்சு தெரியும்வரை சுரண்டி, கொத்திவிட்டு, திருகும் போட வேண்டும்.

பழுப்புக் கோட்டுக்குக் காரணம் சாதாரண இரும்புத் திருகு. வெளியே துருப்பிடிக்காத எஃகு ஆங்கர்தான் (சுவரில் துளையிட்டு இறுக்கும் போல்ட்), வெறும் பசையை நம்பி 14 கிலோவைத் தலைக்கு மேலே தொங்கவிடக் கூடாது. விரிசலுக்குக் காரணம் மூட்டில் அடைத்த, நெகிழாத பட்டி (புட்டி). 10 மீட்டர் சிமென்ட் பட்டை 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 5 மி.மீ. நீளும், சுருங்கும். மூட்டுக்கு மூட்டு 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விட்டு, நெகிழும் சீலன்ட் அடைக்க வேண்டும். மேல்விளிம்பு வெளிப்பக்கம் சரிவாகவும் அடிப்பக்கம் நீர் சொட்டும் பள்ளக்கோட்டோடும் இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பின்பக்கம்தான் போகும்.

அளவிலும் கை வைக்கிறார்கள். மூலைத் துண்டுக்குத் தனி விலை போட்டு, அதே நீளத்தை இருபக்க ரன்னிங் அடியிலும் சேர்த்துவிடுவார்கள். பூ ஒன்று 45 செ.மீ., சுவர் 4.2 மீட்டர் என்றால் ஒன்பது பூ போக 15 செ.மீ. மிச்சம், ஓரத்திலிருந்து ஒட்டத் தொடங்கினால் கடைசி மூலையில் பூ மூன்றில் ஒரு பங்காக வெட்டுப்படும். நடுவிலிருந்து தொடங்கி, மிச்சத்தை இரு ஓரத்திலும் வெறும் பட்டையாக 7.5 செ.மீ. விடச் சொல்லுங்கள். இதை மாட்டுவதற்கு முன்பே தாளில் வரைந்து வாங்குங்கள்.

பில்லில் பொருளின் பெயர், தடிமன், துண்டின் எடை, ஆங்கரின் உலோகம், மூட்டில் அடைக்கும் பொருள் ஆகிய ஐந்தும் இருக்கட்டும். கையெழுத்திட்ட மாதிரித் துண்டு ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும். மாட்ட வந்த துண்டு அதோடு ஒத்துப்போகாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.