இட்லிப்பூச் செடி: பல வருடம் வளர்த்த அனுபவம்

நல்ல வெயில் விழும் இடம் இருக்கிறது, ஆனால் தினமும் செடியோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இட்லிப்பூ. தரையிலும் தொட்டியிலுமாகப் பல வருடமாக வளர்த்து வருகிறேன். இதற்கு மண் சற்று அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும். அது அமைந்துவிட்டால் வேறெதையும் பெரிதாகக் கேட்காது. அமையாவிட்டால் எந்த உரம் கொட்டினாலும் தேறாது.

தரையில் வைத்த செடிகளில் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். சுற்றுச்சுவரை ஒட்டி நின்ற செடியில் மட்டும் கொழுந்துகள் வெளிறிக்கொண்டே வந்தன. ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் நரம்புகள் மட்டும் பச்சைநூல் வலையாகத் தெரியும், இடையில் அத்தனையும் மஞ்சள். அடியில் இருந்த முதிர்ந்த இலைகளோ நல்ல கரும்பச்சை. மஞ்சள் இப்படி இளம் இலையில் தொடங்கினால் அது இரும்புச்சத்துக் குறைபாடு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை. சிமென்ட் பூச்சிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடுகிறது. கார மண்ணில் இரும்பு கரையாததால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரையே ஊற்றிவந்தால் தொட்டியிலும் இதே கதைதான். மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் இலை பளபளவென்று நிற்கும்.

அவசரத்துக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளிப்பேன். அடுத்து வரும் கொழுந்தில் பச்சை தெரியும். ஆனால் மண் மாறாதவரை மஞ்சள் திரும்ப வரும். மண்ணில் இடுவதற்குச் செலேட் (வேர் எடுக்கும்படி இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் உரம்) வாங்குகிறவர்கள் ஈடிடிஎச்ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈடிடிஏ வகை கார மண்ணில் நிலைக்காது. இலைமட்கும் மூடாக்கும் தொடர்ந்து போடுவதும், முடிந்தபோதெல்லாம் மழைத்தண்ணீர் ஊற்றுவதும் நெடுநாளைக்குப் பலன் தருகின்றன. புதிதாக நடுகிறவர்கள் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுங்கள்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். நிழலில் செடி சாகாது, இலையாக மட்டும் நிற்கும்.

கவாத்து விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. வேலிச்செடி மாதிரி மேலே சமமாக வெட்டிவிடுவதை இந்தச் செடிக்குச் செய்யவே கூடாது. மொட்டு வருவது கிளை நுனியில்தான். நுனியை வெட்டினால் வரவிருந்த கொத்தும் போய்விடும். பூ உதிர்ந்த கொத்தை மட்டும் அதன் கீழுள்ள ஓர் இலை ஜோடியோடு நறுக்கினால், அடுத்த கணுவிலிருந்து இரண்டு துளிர் கிளம்பும், இரண்டிலும் கொத்து வரும். உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் மழைக்காலத் தொடக்கத்தில் செய்யலாம். பூவுக்குச் சில மாதம் பொறுக்க வேண்டும்.

பூவை அருகில் பாருங்கள். நான்கே இதழ், அதன் கீழே ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும் மெல்லிய குழல். தேன் குழலின் அடியில் இருப்பதால் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ளவற்றுக்கே எட்டும். காலை வெயில் ஏறியதும் அழகி வகை வண்ணத்துப்பூச்சிகள் சிறகடித்தபடியே கொத்துக்குக் கொத்து தாவுவதைப் பார்க்கலாம். இதற்காகவே ரசாயனப் பூச்சிமருந்து அடிப்பதில்லை. கொழுந்தில் எறும்பு ஊர்ந்தால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று பொருள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மறுநாள் மாலை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

நர்சரியில் எடுக்கும்போது பூவைவிடக் கொழுந்தைக் கவனியுங்கள். அது மஞ்சளாக இருந்தால் அந்தச் செடி வேண்டாம். தொட்டிக்கு இலை சிறுத்த குட்டை ரகம் தோது. ஆளுயரத்துக்கு மேல் புதராக வளரும் நாட்டு ரகத்துக்குத் தரைதான் சரி.