குடிநீர் மோட்டாருக்குத் தனிப் பேனலா, இணைய இணைப்பா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆழ்குழாய் மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் பி.எல்.சி. (மோட்டாரைத் தானாக இயக்கும் சிறு கணினி) வைத்து ஓட்டத் திட்டமிடுபவர்களுக்கு, இணையத்தோடு சேராத தனிப் பேனலாக வைப்பதா, இணையத்தோடு இணைப்பதா என்ற குழப்பம் வரும்.

செலவு
தனிப் பேனல்: ஸ்டார்டர், மிதவை சுவிட்ச், கேபிளோடு முடிந்தது.
இணைப்பு: கூடவே ரவுட்டர், சிம், வி.பி.என். (இணையத்தில் பூட்டிய தனி வழி), மாதக் கட்டணம்.

ஆள்
தனிப் பேனல்: ராத்திரி டிரிப் ஆனாலும் நேரில் போகணும்.
இணைப்பு: போனிலேயே தெரிந்துவிடும்.

பாதுகாப்பு
இங்கேதான் நிதானம் வேண்டும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பா குடிநீர் வாரியத்தில் இணையத்தில் திறந்து கிடந்த பி.எல்.சி.யைத் தாக்கினார்கள். அந்த வகைக் கருவியோடு அப்போது வந்த பாஸ்வேர்ட் 1111. ஊழியர்கள் கைமுறைக்கு மாறியதால் தண்ணீர் நிற்கவில்லை. தனிப் பேனலும் முழுக் காப்பல்ல. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் (பி.எல்.சி.களைக் குறிவைத்த தீங்கு நிரல்), பென்டிரைவ் வழியாகவும் பரவியது. சர்வீஸுக்கு வரும் லேப்டாப்பும் அதே வாசல்தான்.

ஒரே தொட்டி, பக்கத்திலேயே ஆள் என்றால் தனிப் பேனலே போதும். பல ஊர்களில் சிதறிய தொட்டிகளுக்கு இணைப்பு வேண்டும், ஆனால் சில நிபந்தனைகளோடு: ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறக்கவே கூடாது. வி.பி.என்.னுக்கு ஓ.டி.பி. கட்டாயம். நீர்மட்டம் பார்த்தால் போதுமென்றால், இயக்கும் அனுமதியையே கொடுக்காதீர்கள். பி.எல்.சி. சாவி 'ரன்' நிலையில் இருக்கட்டும், புரோகிராம் நகல் தனி டிஸ்க்கில்.

இரண்டுக்கும் பொது: டிரை ரன் ரிலேயும் (தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்துவது) ஓவர்லோடு ரிலேயும் (மின்சாரம் அதிகம் இழுத்தால் நிறுத்துவது) பி.எல்.சி. வழியாக இல்லாமல் கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) காயிலோடு நேரடியாக வயரிங் ஆகணும். இல்லாவிட்டால், புரோகிராமை மாற்றியவன் தண்ணீரில்லாத குழாயில் மோட்டாரை ஓடவிட்டு வைண்டிங்கை எரித்துவிடுவான். கை/ஆட்டோ சுவிட்சை மாதம் ஒருமுறை கைக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும்.