சென்னை விமான நிலையத்திலிருந்து: மெட்ரோவா, மின்சார ரயிலா?

சென்ட்ரலுக்கு மெட்ரோ கட்டணம் 40 ரூபாய். மின்சார ரயிலில் எதிரே இருக்கும் பார்க் நிலையத்துக்கு 10 ரூபாய் போதும். ஆனால் அந்த ரயில் ஏற வேண்டிய திரிசூலம் நிலையம் ஜிஎஸ்டி சாலைக்கு அந்தப் பக்கம். சுரங்கப்பாதைப் படிகளில் பெரிய பெட்டியை இழுத்துப் பாருங்கள், மிச்சப்படுத்திய முப்பது ரூபாய் மறந்தே போகும். காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பெட்டியோடு ஏறினால், பக்கத்தில் நிற்பவர் முறைப்பதும் நியாயம்தான்.

மெட்ரோவில் ஏசி, லிஃப்ட் எல்லாம் உண்டு. கோயம்பேடு போக நேரடி ரயில் கிடைக்காவிட்டால் ஆலந்தூரில் மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, தோளில் ஒரு பை மட்டும், போவது தி.நகர் என்றால்? யோசிக்காமல் மின்சார ரயில். மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெருதான். மெட்ரோவின் விமான நிலையத் தடம் அந்தப் பக்கமே போகாது.