மேல்தளமா, டூப்ளெக்ஸா, பென்ட்ஹவுஸா?

அக்காவும் அத்தானும் சென்னையில் வீடு தேட ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மே மாதம் நானும் கூடப் போய் மூன்று வீடுகளைப் பார்த்தேன். மூன்றையுமே புரோக்கர்கள் ‘பென்ட்ஹவுஸ்’, அதாவது உச்சித் தளத்துச் சொகுசு வீடு என்றுதான் சொன்னார்கள். ஆனால் மூன்றும் மூன்று விதம். அந்த ஒரு சொல்லுக்காகவே சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்பதால், எந்த வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதல் வீடு வேளச்சேரியில். கீழே கார் நிறுத்தம், மேலே ஐந்து தளம், அதில் ஐந்தாவது. ஹாலின் கூரை மற்ற தளங்களைவிட ஓர் அடி உயரம், தரையில் இத்தாலிய மார்பிள், வாசலில் வீடியோ மணி. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தலைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடி எல்லாக் குடும்பங்களுக்கும் பொது. துணிக்கொடி, டிஷ் ஆன்டெனா, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அங்கேதான். இது மேல்தள ஃபிளாட், அவ்வளவுதான். மார்பிளைப் பக்கத்துத் தளத்திலும் போடலாம், கூரையை எங்கேயும் உயர்த்தலாம். அதற்கெல்லாம் பெயரை மாற்றி விலை ஏற்றுவது சரியில்லை.

மேல்தளம் என்பதே தப்பு என்று சொல்லவில்லை. தலைக்கு மேல் நாற்காலி இழுக்கும் சத்தம் கிடையாது, காற்று வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதே வேளச்சேரியில் தரைத்தளக்காரர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு மாடியின் அருமை தெரியும். ஆனால் வெயில்! நாங்கள் போனபோது பிற்பகல் மூன்று மணி. மின்விசிறியைப் போட்டதும் சூடான காற்றுதான் இறங்கியது. அத்தான் ஸ்டூலில் ஏறிக் கூரையில் கை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். பகல் முழுக்க வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவு பத்து, பதினொரு மணி வரைக்கும் விட்டுக்கொண்டே இருக்கும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, மேலே தட்டை ஓடு பதித்த பழைய முறை மாடியா, வெறும் வெள்ளைப் பூச்சா என்று மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும். மூன்று வீடுகளுக்கும் இது பொது.

இரண்டாவது வீடு பழைய மகாபலிபுரம் சாலையில், உயரமான கோபுரம் ஒன்றின் உச்சியில். டூப்ளெக்ஸ், அதாவது உள்ளேயே படி வைத்த இரண்டு நிலை வீடு. கீழே ஹால், சமையலறை, ஒரு படுக்கையறை; உள்படி ஏறினால் இரண்டு படுக்கையறை, அதை ஒட்டிப் பாதி மாடி அளவுக்குத் திறந்தவெளி. பார்த்தவுடன் மயக்குகிற வீடு. சிக்கல் என்னவென்றால், லிஃப்ட் கீழ்நிலையோடு நின்றுவிடுகிறது. அக்காவின் மாமியாருக்கு முழங்கால் வலி. அவர் அந்தத் திறந்தவெளியில் ஒரு நாள்கூட உட்கார முடியாது. ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் பதினெட்டுப் படி ஏற வேண்டியது அக்காதான். டூப்ளெக்ஸ் என்பது வீட்டின் உள்ளமைப்பு. அதை இரண்டாவது தளத்தில்கூடக் கட்டலாம். உச்சியில் இருக்கிறது, திறந்தவெளி இருக்கிறது என்பதால் இதைப் பாதி பென்ட்ஹவுஸ் என்று ஒப்புக்கொள்வேன்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அடையாறு பக்கம், பழைய வீட்டை இடித்துக் கட்டிய கட்டடம். கடைசித் தளம் முழுத் தளமாக இல்லை. வீடு நடுவில் உள்வாங்கி நிற்கிறது, இரண்டு பக்கமும் திறந்த மாடி. ஹால் கதவைத் திறந்து காலை வைத்தால் வானம். படி ஏற வேண்டாம், வேறு யாரும் அந்தப் பக்கம் வரவும் வழியில்லை.

பென்ட்ஹவுஸ் பிறந்ததே இந்த வடிவத்தில்தான். அந்த ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. சுவரை ஒட்டிச் சாய்த்துப் போட்ட தாழ்வாரக் கொட்டகை என்பதுதான் முதல் பொருள். லிஃப்ட் வருவதற்கு முன் உச்சித் தளத்தில் பணக்காரர்கள் யாரும் குடியிருக்க மாட்டார்கள். பாரிஸில் கூரைக்கடியில் இருந்த சின்ன அறைகள் வேலைக்காரர்களுக்கு. லிஃப்ட் வந்த பிறகும் நியூயார்க்கில் கூரை மேல் இருந்தவை இயந்திர அறை, தொட்டி, சலவை அறை போன்றவைதான். 1916ல் அந்த நகரம், தெருவில் வெளிச்சம் விழ வேண்டும் என்று, கட்டடங்கள் உயர உயர உள்வாங்க வேண்டுமென விதி போட்டது. உள்வாங்கிய இடமெல்லாம் மேல்வீடுகளுக்கு மாடியாயிற்று. 1920களில் செல்வர்கள் மேலே குடியேறினார்கள். ஐந்தாம் அவென்யூவில் மார்ஜரி மெரிவெதர் போஸ்ட் என்ற கோடீஸ்வரிக்காகக் கட்டிய வீடு மூன்று தளம், 54 அறை.

இங்கேயும் ஏறக்குறைய அதே கதைதான். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். கீழ்த்தளங்களிலேயே பெரும்பகுதி தீர்ந்துவிட்டால் கடைசித் தளம் சிறியதாகத்தான் வரும். மிச்சம் திறந்த மாடி.

ஆகவே என் கணக்கு இது: வீடு உச்சியில் இருக்க வேண்டும், வீட்டுத் தரைமட்டத்திலேயே திறந்த மாடி இருக்க வேண்டும், அந்த மாடி பத்திரத்தில் உங்களுடையதாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடு வாங்குபவர்களைப் பாதுகாக்கும் 2016 ரெரா சட்டம் மொட்டை மாடிகளைப் பொது இடப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே சட்டம் கார்ப்பெட் பரப்பை, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பை விளக்கும்போது, ஒரு வீட்டுக்கு மட்டுமே உரிய திறந்த மாடியைத் தனியாகச் சொல்லி, அதைக் கார்ப்பெட் பரப்பில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதனால் அனுமதி வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் ‘இந்த வீட்டுக்கு மட்டும்’ என்று அளவோடு எழுதியிருக்க வேண்டும். பில்டரின் வாய்வார்த்தையை நம்பி வாங்கினால், நாளைக்குக் குடியிருப்போர் சங்கம் மாடிப் பூட்டைத் திறக்கச் சொல்லும்போது காட்டுவதற்கு எதுவும் இருக்காது. வரைபடத்தில் இல்லாமல் பிறகு எழுப்பிய மாடி அறையை எந்தப் பெயரில் விற்றாலும் வாங்கவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த அந்த மூன்றாவது வீட்டிலும் குறை இருந்தது. ஹாலையும் மாடியையும் ஒரே மட்டமாக இழைத்திருந்தார்கள், நிலைப்படியே இல்லை. கதவோரச் சுவரடியில் ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்புக் கோடு. போன ஐப்பசி மழை உள்ளே வந்துவிட்டுப் போன தடம் அது. மாடியின் மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருந்தது. மாடி உங்களுடையது என்றால் அந்த இலையை அள்ளுவதும் உங்கள் வேலை, கீழ் வீட்டுக் கூரை ஒழுகினால் அவர்கள் வந்து நிற்பதும் உங்கள் வாசலில்தான். குளியலறையில் ஷவரைத் திறந்தேன். நூல் மாதிரி விழுந்தது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் ஏறக்குறைய ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். இங்கே தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே மூன்று மீட்டர்கூட இல்லை. பிரஷர் பம்ப் இல்லாமல் முடியாது, அப்புறம் அதன் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நிலைப்படி வைக்க ஒரு நாள் வேலை, பம்ப் ஒரு செலவு, இரண்டும் தீர்ந்துவிடும். லிஃப்ட் நேராக வாசலுக்கு வருவதால் மாமியார் மாலையில் வெளியே நாற்காலி போட்டு உட்காரலாம். மாடியின் சதுர அடியும் தனி உரிமை என்ற வரியும் ஒப்பந்தத்தில் ஏறிய பிறகுதான் முன்பணம் என்று அத்தான் சொல்லிவிட்டார். திருத்திய வரைவுக்காகக் காத்திருக்கிறோம்.