மனசு லேசானதா, மார்க் குறைந்ததா, மலை ஏறினதா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் என் பைக் தடுப்புச்சுவரில் மோதியது. பின்னால் இருந்த நண்பனுக்குத் தொடை எலும்பு முறிந்தது, எனக்குச் சிராய்ப்புதான். அதன்பின் இரண்டு வருடம் அந்த ரோட்டில் நான் போகவில்லை. அக்கா வீடு மேலே இருக்கிறது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போய்விட்டு, "டிராஃபிக் கம்மி" என்று சொல்லிக்கொள்வேன்.

இதற்காக இரண்டு இடங்களில் தெரபி எடுத்தேன். அது உதவுகிறதா என்று பார்க்க மூன்று அளவுகோல்கள் கிடைத்தன. மூன்றும் மூன்று பதில் சொல்லின.

முதலாவது, மனசு லேசாவது. முதல் கவுன்சலரிடம் எட்டு மாதம் வாராவாரம் போனேன். நான் அழுவேன், அவர் பொறுமையாகக் கேட்பார். வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிடும்போது உலகமே நல்லதாகத் தெரியும். மூன்றாம் நாள் பழைய கதைதான். கேட்க ஓர் ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்த அளவுகோலை நான் நம்புவதில்லை. காரணம், இரண்டாவது இடத்தில் கிடைத்தது 'ப்ரொலாங்டு எக்ஸ்போஷர்'. பயந்து ஒதுக்கியதையே கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறை, வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடி, விபத்தை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். முதல் இரண்டு வாரம் தூக்கமே போச்சு. லேசானதா என்று மட்டும் பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். (வாரக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போனால் அது வேறு, உடனே சொல்லிவிட வேண்டும்.)

இரண்டாவது, மார்க். பிசிஎல்-5 என்று, அதிர்ச்சிக்குப் பின் வரும் தொந்தரவுகளை அளக்கும் கேள்வித்தாள்: 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 80. 31–33 அல்லது அதற்கு மேல் போனால் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பின் விடாமல் தொடரும் மனப் பாதிப்பு) இருக்கிறதா என்று நன்றாகப் பார்ப்பார்கள். 10 மார்க் குறைந்தால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மோசமான ஒரு நாளில் "எப்பவும் இப்படித்தான்" என்று தோன்றும்போது, போன மாதத் தாள் "இல்லை" என்று சொல்லும். அதற்காகவே இது வேண்டும்.

ஆனால் இதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. முதல் கவுன்சலரிடம் போன காலத்திலேயே என் மார்க் 46லிருந்து 34க்கு இறங்கியது. நான் மலைப்பக்கமே தலைகாட்டாததால், நினைவூட்ட ஒன்றுமில்லை, திடுக்கிட ஒன்றுமில்லை. இடங்களை, ஆட்களைத் தவிர்ப்பது பற்றி அந்தத் தாளில் ஒரே கேள்விதான். என் முழுப் பிரச்சினைக்கும் 80க்கு 4 மார்க்!

மூன்றாவது, விட்டதைத் திரும்பச் செய்வது. எனக்கு இதுதான் அசல் அளவுகோல். இரண்டாவது இடத்துத் தெரபிஸ்டும் நானும் பயத்துக்கு 0 முதல் 100 வரை எண் போட்டு ஒரு பட்டியல் எழுதினோம். அடிவாரம் டீக்கடையில் நிற்பது 30. பஸ்ஸில் மேலே போவது 60. ஒன்பதாவது வளைவில் இறங்கி நிற்பது 85. நானே பைக் ஓட்டிப் போவது 100. முதல் தடவை பஸ்ஸில் போய் வந்து பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கண்ணைத் திறந்திருந்தீங்களா?"

திறக்கவில்லை. முன்சீட் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூடியே இருந்தேன். அது கணக்கில் சேராது. அடுத்த வாரம் திறந்த கண்ணோடு மறுபடி போனேன்.

வீட்டார் சொல்வதையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம். "ராத்திரி பல்லைக் கடிக்கறது நின்னுருச்சுங்க" என்று மனைவி சொன்ன மாதம்தான் மார்க் 19க்கு வந்தது. அவள் எந்தத் தாளையும் பார்க்கவில்லை.

போன மாதம் பைக்கிலேயே மேலே போனேன். ஒன்பதாவதில் நிறுத்தினேன். கை நடுங்கியது, அடங்கும்வரை நின்றேன். வாசலில் அக்கா, "என்னடா இவ்வளவு சீக்கிரம், குப்பனூர் ரோடு காலியா?" என்றாள்.

"அந்த வழி வரலக்கா."