குன்னூர்க் குளிரில் பென்சைல் ஆல்கஹால் பெயிண்ட் ரிமூவர்

ஹெலிகாப்டர் பராமரிப்பில், இறக்கைகள் வந்து பொருந்தும் சுழலி மையத்தின் உலோகப் பாகங்களில் பெயிண்டை உரிப்பது அழகுக்காக அல்ல, அடியில் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. உரித்த உலோகத்தின்மேல் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சோதனைச் சாயத்தைப் பூசுவோம்; அது விரிசலுக்குள் இறங்கினால்தான் சோதனை பலிக்கும். மணல் வீசி உரித்தால் மேல் உலோகம் நசுங்கிப் பரவி விரிசலின் வாயையே அடைத்துவிடக்கூடும். அதனால்தான் ரசாயன ரிமூவர். அந்த வேலையில் பழகிய நான் இப்போது குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளின் அலுமினிய விசிறி இறக்கைகளுக்கும் பென்சைல் ஆல்கஹால் வகையையே பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன்.

வேகம் வேண்டுமென்றால் மெத்திலீன் குளோரைடு வகைதான். ஆனால் அது 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். மூச்சில் போனால் உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். மூடுபனி இறங்கியதும் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஊர் இது. என் பட்டறைக்குள் அதற்கு இடமில்லை.

பென்சைல் ஆல்கஹாலின் பெரிய குறை சோம்பல். ஏப்ரலில் மதியத்துக்குள் முடிகிற வேலை டிசம்பரில் மறுநாள் காலைவரை இழுக்கும். கெட்டியாகப் பூசி, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடிவிடுவேன். அடிப்பூச்சான எபாக்சி பிரைமரும் சேர்ந்து பாலாடைபோல் சுருங்கி எழுந்த பிறகே பிளாஸ்டிக் சுரண்டியை எடுப்பது. அவசரப்பட்டு இரும்புத் தகட்டால் சுரண்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்: சுழலும் பாகத்தில் ஒரு கீறல் போதும், நாளைய விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

அமிலம் சேர்த்த வகையும் கிடைக்கிறது, சற்று வேகமானது. உயர்வலிமை எஃகில் மட்டும் வேண்டாம், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகம் நொறுங்கத் தொடங்கும். கண்ணாடி இழை, கார்பன் இழை இறக்கைகளின் பக்கம் எந்த ரிமூவரையும் கொண்டுபோகாதீர்கள்; அது பெயிண்டோடு இழைகளைப் பிணைக்கும் பிசினையும் பதம்பார்க்கும். அவற்றைக் கையால் தேய்ப்பதுதான் வழி. ரப்பர் பாகங்களை அலுமினிய டேப்பால் மூடிவிட வேண்டும்.

கழுவிய பின்தான் மலைக்காரனுக்கு உண்மையான வேலை. இங்கே ஈரம் தானாகக் காயாது. ரிவெட் ஓரங்களில் காற்றடித்து நீரை விரட்டி, அன்றைக்கே பிரைமர் பூசிவிடுவேன். எஃகை இரவு முழுக்க வெறுமனே விட்டால் காலையில் மேலெல்லாம் செந்துரு.

உரிந்த கசடைச் சாக்கடையில் விடுவதில்லை. இந்தச் சரிவில் அது நேரே கீழே உள்ளவர்களின் ஓடையில் போய்ச் சேரும். மூடியுள்ள டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். பென்சைல் ஆல்கஹால் ரிமூவரின் விலை அதிகம்தான். ஒற்றைப் பூச்சு எனாமலுக்கு இதை வாங்காதீர்கள், வீண்செலவு.